முதலில் கால் எலும்பு, அப்புறம் 42 கிலோமீட்டர்

கேள்வி: எனக்கு வயது 39. நங்கநல்லூரில் இருக்கிறேன், தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர், இரண்டு பிள்ளைகள். மூன்று வருடமாக ஓடுகிறேன். ஹாஃப் மாரத்தான் இரண்டு முறை முடித்திருக்கிறேன், கடைசியாக 2 மணி 35 நிமிடம். வரும் ஜனவரியில் சென்னை மாரத்தானில் ஃபுல், அதாவது 42 கிலோமீட்டர், ஓடப் பெயர் கொடுத்துவிட்டேன். இணையத்தில் எடுத்த அட்டவணை, வாரம் ஒருமுறை ஓடும் நீண்ட ஓட்டமான லாங் ரன்னை கிலோமீட்டருக்கு 7 நிமிட வேகத்தில் ஓடச் சொல்கிறது. அப்படி ஓடினால் நெஞ்சு படபடக்கிறது, வாட்ச்சில் இதயத் துடிப்பு 175 காட்டுகிறது. மூன்று வாரமாக வலது காலின் முன்னெலும்பில் வலி. குழுவில் ஒருவர் கொடுத்த வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுகிறேன். மணலில் ஓடினால் சரியாகிவிடும் என்கிறார்கள். புரட்டாசி சனிக்கிழமைகளில் விரதம் இருப்பேன். என்ன சாப்பிடுவது, எவ்வளவு தண்ணீர் குடிப்பது? "நாற்பது வயசுல எதுக்கு இந்த வேலை" என்கிறார் மாமியார். என்னால் ஃபுல் ஓட முடியுமா?

விளையாட்டு மருத்துவரின் பதில்:

வணக்கம் டீச்சர். கடைசி வரிக்குப் பதில், முடியும். ஆனால் போகிற போக்கில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், வலி என்றும் மாத்திரை என்றும், அதை முடித்துவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும்.

மாத்திரையின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. ஓட்டக் குழுக்களில் கைமாறுவது பெரும்பாலும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகையறா. நீண்ட நேரம் ஓடும்போது ரத்தம் தசைக்கும் தோலுக்கும் அதிகமாகப் போவதால் சிறுநீரகத்துக்குப் போவது தானாகவே குறைந்துவிடும். வியர்த்து உடம்பு வற்றினால் இன்னும் குறையும். அந்த நேரத்தில் சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்களைத் திறந்து வைத்திருப்பது புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள். இந்த மாத்திரைகள் தடுப்பது அதைத்தான். வயிற்றுப் புண் தனி. எல்லாவற்றையும் விட, எலும்பு 'நிறுத்து' என்று சொல்வது உங்கள் காதில் விழாமல் போய்விடுகிறது. ஓடுவதற்கு முன்னும் வேண்டாம், ஓடும்போதும் வேண்டாம், முடித்த கையோடும் வேண்டாம்.

இப்போது ஒரு சின்ன சோதனை. நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை இடது தொடை மேல் போட்டுக்கொள்ளுங்கள். உள்பக்கக் கணுக்கால் மொட்டுக்குச் சற்று மேலே தொடங்கி, முன்னெலும்பின் உள் ஓரமாகக் கட்டைவிரலால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே மேலே வாருங்கள். வலி நாலு விரல் அகலத்துக்கு மேல் நீளமாகப் பரவியிருக்கிறது, ஓட ஆரம்பிக்கும்போது வலித்து உடம்பு சூடேறியதும் குறைகிறது என்றால் அது ஓட்டக்காரர்கள் ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் என்று சொல்லும், எலும்பு விரிசல் விடாத அழுத்த வலியாக இருக்கலாம். அப்படியில்லாமல் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் மறைந்துவிடும் அளவுக்கு ஒரே இடத்தில் சுரீர் என்கிறதா? ஒற்றைக் காலில் குதித்தால் தாங்க முடியவில்லையா? ராத்திரி படுத்த பிறகும் விண்விண் என்று தெறிக்கிறதா? அப்படியென்றால் எலும்பில் நுண்விரிசல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். வலி உள் ஓரத்தில் இல்லாமல் எலும்பின் முன் முகட்டிலேயே இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அந்த இடத்து விரிசல் லேசில் கூடாது.

எக்ஸ்ரே எடுத்து 'ஒன்றுமில்லை' என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். இந்த விரிசல் முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் பிடிபடும். விரிசல் என்று உறுதியானால் குறைந்தது ஆறிலிருந்து எட்டு வாரம் ஓட்டமே கிடையாது. அப்புறம் இந்த ஜனவரி ஃபுல்லை மறந்துவிட வேண்டியதுதான். அதற்காகக் கெஞ்சாதீர்கள், நான் இறங்கி வர மாட்டேன்.

இதோடு இன்னொன்றும் கேட்க வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போகிறதா, நின்று நின்று வருகிறதா? ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாத பெண்களுக்கு முதலில் அங்கேதான் கை வைக்கும், அப்புறம் எலும்பில். மாறாக உதிரப்போக்கு அதிகமா? அப்படியானால் இரும்புச்சத்து குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். படபடப்புக்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஹீமோகுளோபின், இரும்பின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் டி, தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச்., ஒரு ஈ.சி.ஜி. இவ்வளவும் எடுத்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 12 இருக்கிறதே என்று சமாதானம் ஆகிவிட வேண்டாம். அது சரியாக இருக்கும்போதே ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருக்கலாம். இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் ஃபில்டர் காபியோடு சேர்த்து விழுங்காதீர்கள். காபிக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஓடும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வந்திருந்தால், அல்லது குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தால், இதய மருத்துவரைப் பார்க்காமல் ஷூவைத் தொடக்கூடாது.

சரி, வேகத்துக்கு வருவோம். உங்கள் சிக்கலில் பாதி இங்கேதான் இருக்கிறது. கணக்கு டீச்சருக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் போட்டுப் பாருங்கள். உங்கள் ஹாஃப் நேரமான 155 நிமிடத்தை அதன் தூரமான 21.1 கிலோமீட்டரால் வகுத்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 7 நிமிடம் 20 விநாடி. உயிரைக் கொடுத்து ஓடிய போட்டியிலேயே அதுதான் உங்கள் வேகம். அந்த அட்டவணையோ ஒவ்வொரு ஞாயிறும் பயிற்சியில் 7 நிமிடத்தில் ஓடச் சொல்கிறது. அதாவது வாரா வாரம் போட்டியை விட வேகமாக, போட்டியை விட அதிக தூரம். எலும்பு வலிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அந்த அட்டவணையை யார் எந்த ஊருக்குப் போட்டார்களோ தெரியாது, சென்னைக்குப் போடவில்லை என்பது மட்டும் நிச்சயம். இங்கே விடியற்காலையில் வெயில்தான் இல்லையே தவிர, ஈரப்பதம் அந்த நேரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். வழிந்து தரையில் சொட்டும் வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, ஆவியாகிப் போகும் வியர்வைதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அடைமழை நாளில் கொடியில் போட்ட துணி மாதிரி உங்கள் தோல் காயாமலேயே இருக்கிறது. சூட்டை வெளியேற்ற உடம்பு இன்னும் அதிக ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. தசைக்கும் கொடுத்தாக வேண்டும். ஆகவே அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. இதில் உங்கள் உடல்தகுதியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வாட்ச்சையும் முழுக்க நம்பாதீர்கள். மணிக்கட்டில் ஒளியை வைத்து அளக்கும் கருவி சில சமயம் இதயத் துடிப்பை விட்டுவிட்டு காலடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். பலருக்கு நிமிடத்துக்கு 160-லிருந்து 180 அடி வருவதால் 175 என்ற எண்ணைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்தது. நின்று, கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். ஆனால் படபடப்பை நீங்களே உணர்ந்ததாகச் சொல்வதால் மேலே சொன்ன பரிசோதனைகளைக் கட்டாயம் செய்யுங்கள்.

இனிமேல் உங்களுக்கு வேக அளவுகோல் வாய்தான். ஓடிக்கொண்டே பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைச் சத்தமாக, நடுவில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா? சரியான வேகம். பதின்மூன்றைந்து அறுபத்தைந்து என்பதற்குள் திணறினால் குறையுங்கள். உங்கள் விஷயத்தில் அது கிலோமீட்டருக்கு 8:15-லிருந்து 8:45 வரை வரும் என்று நினைக்கிறேன். புழுக்கம் அதிகமான நாளில் 9 நிமிடமும் ஆகலாம், ஆகட்டும். குழுவில் எல்லோரும் முன்னால் போய்விடுவார்கள். போகட்டும். கடைசியாக வரும் நாலு பேரோடு சேர்ந்துகொள்ளுங்கள், அவர்கள்தான் வருடக்கணக்கில் ஓடுகிறவர்கள். இருட்டில், தெருநாய்களுக்கு நடுவே தனியாக ஓடுவதை விட அது எவ்வளவோ மேல்.

மெதுவாக ஓடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓட்டத்துக்கு உத்தேசமாக ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு கலோரி செலவு. 60 கிலோ எடை என்று வைத்தால் 42.195 கிலோமீட்டருக்கு 2,500 கலோரிக்கு மேல். தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் ஏறத்தாழ 2,000 கலோரிக்குத்தான் தாங்கும். மீதிக்கு உடம்பு கொழுப்பை எடுக்க வேண்டும். மெதுவாக ஓடினால் ஆரம்பத்திலிருந்தே கொழுப்பைக் கலந்து எரிக்கும். விரட்டினால் கிளைகோஜனை மளமளவென்று காலி செய்துவிடும். 30-ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு திடீரென்று கால் ஈயமாகிவிட்டது என்று பலர் சொல்வது இதைத்தான்.

மாதங்களை இப்படிப் பாருங்கள். வலி வெறும் ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் என்று தெரிந்தால், முதல் இரண்டு வாரம் ஓட்டம் வேண்டாம். சைக்கிள், நீச்சல், வலிக்காத நடை. அதோடு தினமும் வீட்டுப் படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்குங்கள். முதலில் இரண்டு காலிலும், அப்புறம் ஒற்றைக் காலில். ஒற்றைக் காலில் தடுமாறாமல் இருபது முறை வரவேண்டும். கெண்டைக்கால் தசை பலமாக இருந்தால் எலும்பு வாங்கும் அடி குறையும். இது வலித்தால் நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.

புரட்டாசி பாதியில் மெதுவாக ஓட்டத்தை ஆரம்பிக்கலாம், நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று. நடப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. 1972 ம்யூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே என்ற அமெரிக்கர்தான் இந்த முறையைப் பரப்பியவர். போட்டியையும் நீங்கள் இப்படியே ஓட வேண்டும் என்பது என் கருத்து. களைத்த பிறகு நடந்தால் அது இந்த முறை ஆகாது. முதல் கிலோமீட்டரிலிருந்தே நடக்க வேண்டும்.

விரதம் உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் சனிக்கிழமை பட்டினி கிடந்துவிட்டு ஞாயிறு விடியற்காலை லாங் ரன் போவது காலி டாங்க்கோடு கிளம்புவதுதான். புரட்டாசி முடியும் வரை லாங் ரன்னைச் செவ்வாய்க்கோ வெள்ளிக்கோ மாற்ற முடியுமா பாருங்கள். பள்ளி இருக்கிறது, முடியாது என்றால் அந்த மாதம் ஞாயிறு ஓட்டத்தை 12 கிலோமீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எலும்பு ஆறுகிற நேரம் அது, எப்படியும் அதிகம் ஓடப்போவதில்லை.

ஐப்பசியில் மழை வந்துவிடும். தண்ணீர் தேங்கிய தெருவில் ஓடவே ஓடாதீர்கள். கீழே திறந்த மேன்ஹோல் இருக்கிறதா, கம்பி கிடக்கிறதா என்று தெரியாது. மழையில் போன ஓட்டம் போனதுதான். அடுத்த வாரம் அதையும் சேர்த்து ஓடிக் கணக்கை நேர் செய்கிறேன் என்று இறங்குகிறவர்கள்தான் கார்த்திகையில் என் கிளினிக்குக்கு நொண்டிக்கொண்டு வருகிறார்கள். ஐப்பசி முடிவதற்குள், ஓட்டமும் நடையுமாக மூன்றரை மணி நேரம் வலியில்லாமல் தாங்க வேண்டும். எத்தனை கிலோமீட்டர் என்பது முக்கியமில்லை, 23-ஓ 24-ஓ வரும். இதுதான் முடிவெடுக்கும் இடம். முடிந்தால் ஃபுல். முடியவில்லையென்றால் ஹாஃப் ஓடிவிட்டு அடுத்த வருடம் பார்க்கலாம். அதே போட்டியில் 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர் பிரிவும் உண்டு. இடையில் பிரிவு மாற்ற அனுமதி உண்டா என்று பதிவு விதிகளில் இப்போதே பார்த்து வையுங்கள். கட்-ஆஃப் நேரத்தையும், அதாவது எத்தனை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதையும், பாருங்கள்.

கார்த்திகையில் ஒரு தடவை, முடிந்தால் இரண்டு தடவை, நாலு மணி நேரம். அதற்கு மேல் வேண்டாம். எல்லோரும் 32 கிலோமீட்டர் ஓடியே ஆக வேண்டும் என்பார்கள். அது மூன்று மணி நேரத்தில் 32 ஓடுகிறவர்களுக்குச் சரி. உங்கள் வேகத்தில் நாலரை மணிக்கு மேல் ஆகும், கிடைக்கும் பலனை விட உடையும் பாகம்தான் அதிகம். மார்கழி பிறந்ததும் குறைத்துவிட வேண்டும். கடைசி மூன்று வாரம் தூரம் படிப்படியாக இறங்கட்டும். அந்த வாரங்களில் கால் பரபரக்கும், இல்லாத வலியெல்லாம் வரும். கண்டுகொள்ளாதீர்கள்.

மணல் விஷயம். பெசன்ட் நகரிலும் மெரினாவிலும் அலை நனைத்த ஓரம் ஓட நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். உலர்ந்த மணலோ கெண்டைக்காலைப் பிழிந்துவிடும். வலியுள்ள காலோடு இரண்டும் வேண்டாம். ரோட்டிலும் ஓரம் சரிவாகவே இருக்கும் என்பதால் எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடாமல், போக்குவரத்து இல்லாத சமமான இடமாகப் பாருங்கள். ஞாயிறு அதிகாலையில் காமராஜர் சாலையை ஒட்டிய நடைபாதை, உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை, போய் வரப் போதுமானது.

சாப்பாட்டில் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். போட்டி விடியற்காலை 4 மணி வாக்கில் தொடங்கும், ஆகவே 2 மணிக்கு எழுந்து மூன்று நாலு இட்லி. சாம்பார், எண்ணெய் மிளகாய்ப்பொடி எல்லாம் வேண்டாம். சர்க்கரையோ தேனோ தொட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். காபி பழக்கம் உண்டென்றால் குடிக்கலாம். ஓடும்போது மணிக்கு 30-லிருந்து 60 கிராம் மாவுச்சத்து. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் வாக்கில் இருக்கும், ஓட்டக்காரர்கள் பிழிந்து விழுங்கும் சர்க்கரைப் பசையான ஜெல் ஒன்றிலும் பெரும்பாலும் அவ்வளவுதான். பசி எடுக்கும் வரை காத்திருக்காமல் முதல் முக்கால் மணியிலேயே ஆரம்பித்துவிடுங்கள். கடலை மிட்டாய் எனக்கும் பிடிக்கும், ஆனால் கடலையின் கொழுப்பு ஓடும் வயிற்றில் இறங்காது. எது ஒத்துக்கொள்கிறது என்பதை கார்த்திகை லாங் ரன்னிலேயே சோதித்துவிடுங்கள்.

தண்ணீரில்தான் நல்ல மனதோடு செய்யும் தப்பு அதிகம் நடக்கிறது. 'ஒவ்வொரு தண்ணீர் ஸ்டேஷனிலும் குடி' என்று சொல்வார்கள். ஐந்து ஆறு மணி நேரம் ஓடுகிறவர் அப்படிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகலாம். வேகமாக ஓடுகிறவர்களை விட உங்களைப் போல நிதானமாக ஓடுகிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம், குடிக்க நேரம் இருக்கிறதே! உங்கள் அளவை நீங்களே கண்டுபிடியுங்கள். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், ஈர உடையைக் கழற்றித் துடைத்துவிட்டு, எடை பாருங்கள். 800 கிராம் குறைந்து, இடையில் 200 மில்லி குடித்திருந்தால் மணிக்கு ஒரு லிட்டர் வியர்க்கிறது. அதை முழுக்க ஈடுகட்ட வேண்டியதில்லை, தாகத்துக்குக் குடித்தால் போதும். ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தால் அதிகம் குடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். கறுப்பு டி-ஷர்ட் போட்டு ஓடிவிட்டுக் காயவிடுங்கள். முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு விழுந்தால் உங்களுக்கு உப்பு அதிகம் போகிறது. உப்புக்கரைசல் வாங்கினால் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று அச்சிட்ட பொட்டலமாக வாங்கி, ஒரு லிட்டர் பொட்டலத்தை முழு ஒரு லிட்டரில் கரையுங்கள். அரை பாட்டிலில் கெட்டியாகக் கரைத்துக் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் ஹாஃப் நேரத்தை வைத்துப் பார்த்தால் ஃபுல்லுக்கு ஐந்தரை மணியிலிருந்து ஆறு மணி நேரம் ஆகலாம். ஜனவரி தொடக்கத்தில் இங்கே சூரியன் உதிப்பது ஆறரை வாக்கில். அதாவது கடைசி மூன்று மணி நேரமும் வெயில், அதுவும் கால் சோர்ந்திருக்கும் பகுதியில். தொப்பி வேண்டும், தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். உரசும் இடங்களில், முக்கியமாக உள்ளாடை விளிம்பிலும் தொடையிலும், வாஸலின் தடவிக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஓடுகிறவர் பேச்சு குழறினாலோ, தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். உடனே மருத்துவக் குழுவைக் கூப்பிட்டு, ஐஸையும் குளிர்ந்த நீரையும் உடம்பெல்லாம் போடச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திருக்கக்கூடாது.

ஷூவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எத்தனை கிலோமீட்டர் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். 700, 800 தாண்டியிருந்தால் மாற்றுங்கள். கடைக்குச் சாயங்காலம் போங்கள், பாதம் சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். விலை அதிகமான கார்பன் தட்டு வைத்த ஷூ உங்கள் வேகத்துக்குத் தேவையில்லை.

மாமியாரிடம் ஈ.சி.ஜி. எடுக்கப் போவதாகச் சொல்லுங்கள், பாதி பயம் போய்விடும். மீதிப் பாதிக்கு என்னிடம் மருந்தில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தால் முடிவையும், ஃபெரிட்டின் எண்ணையும் எழுதி அனுப்புங்கள். ஓட்ட ஆப் ஸ்கிரீன்ஷாட் அனுப்ப வேண்டாம்.